கண் பார்த்ததைக் கை செய்யும்

சமையல் நூல்களில் மிகக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும் பண்டங்களே, பெரும்பாலும், செய்யும்போது மிகுந்த கவனத்தைக் கேட்பவையாக இருக்கின்றன. பல பொருள்கள் அடுக்கடுக்காகச் சேரும் விருந்துப் பண்டத்தில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் இன்னொரு சுவை வந்து அதை மூடிவிடும். மூன்று முட்டை, சிறிது வெண்ணெய், உப்பு, மிளகு என்ற அளவில் முடிந்துவிடும் பிரெஞ்சு ஆம்லெட்டில் அப்படி மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொலைக்காட்சிச் சமையல் வளர்ந்த வரலாற்றில் முட்டை திரும்பத் திரும்ப வந்து நிற்பதை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால், வீட்டுச் சமையலுக்குத் தொலைக்காட்சி செய்த உண்மையான தொண்டு எது என்பதும் விளங்கும். புதுப் பண்டங்களை அறிமுகம் செய்ததைவிட, எழுத்தில் பிடிபடாத கைப்பக்குவத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தியதே அதன் பெரிய தொண்டு.

எழுத்து எந்தச் செய்முறையையும் படிப்படியாகப் பிரித்துத்தான் சொல்ல முடியும். ஆம்லெட் போடுபவரின் இடக்கை வாணலியை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருக்கும்போதே வலக்கை முட்கரண்டியால் முட்டையைக் கலக்கிக்கொண்டிருப்பதால், அங்கே ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லக்கூடிய படிகளே இல்லை. வெண்கரு ஏறத்தாழ 62 பாகை செல்சியஸிலும் மஞ்சள்கரு 65 பாகையிலும் கெட்டியாகத் தொடங்குகின்றன. இரண்டையும் சேர்த்து அடித்தால் கலவை 73 பாகை அளவில் இறுகுகிறது. வாணலியின் அடிப்பகுதியோ இதைவிட மிக உயர்ந்த சூட்டில் இருப்பதால், அதைத் தொடும் முட்டை சில நொடிகளிலேயே உறைந்துவிடுகிறது; அந்த உறைந்த படலத்தை உடனுக்குடன் கிளறிப் பிரித்து உறையாத பகுதியோடு சேர்த்துக்கொண்டே இருந்தால் சிறு சிறு திரள்களாக அது மென்மையாக இறுகும். ஒரு கணம் தாமதித்தாலும் புரத இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து உள்ளிருக்கும் நீரை வெளியே பிழிந்துவிடுகின்றன. நீர் கசிந்து ரப்பர்போல் நிற்கும் ஆம்லெட்டுகள் எல்லாம் அந்தத் தாமதத்தின் விளைவே.

வெண்ணெயின் பக்குவமும் இத்தகையதே. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். சூடேறும்போது அந்த நீர் கொதித்து ஆவியாவதால் நுரை பொங்குகிறது, நீர் தீர்ந்ததும் நுரை அடங்குகிறது, அதற்குப் பிறகுதான் வெண்ணெயிலுள்ள பாலின் திடப்பொருள்கள் நிறம் மாறத் தொடங்குகின்றன. முட்டையை ஊற்ற வேண்டிய தருணம் நுரை அடங்குவதற்கும் நிறம் மாறுவதற்கும் இடைப்பட்ட சிறு இடைவெளி. கடுகு வெடித்து அடங்குவதைக் காதால் அளந்து அடுத்த பொருளைப் போடும் தமிழ் வீட்டுச் சமையற்காரருக்கு இந்தப் பக்குவம் அந்நியமானதல்ல.

இந்த நுணுக்கத்தை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசென்றவர் ஜூலியா சைல்ட். இருவருடன் இணைந்து அவர் எழுதிய ‘மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃபிரெஞ்ச் குக்கிங்’ 1961இல் வெளிவந்தது; அந்நூலைப் பற்றிப் பேசுவதற்காக பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூஜிபிஹெச் நடத்திய நூல் மதிப்புரை நிகழ்ச்சிக்குச் சென்ற அவர், பேசியதோடு நில்லாமல், உடன் கொண்டுபோயிருந்த மின் அடுப்பில் ஓர் ஆம்லெட் போட்டுக் காட்டினார். அதைக் கண்டவர்கள் எழுதிய கடிதங்களே நிலையத்தாரை ஒரு சமையல் தொடரைப் பற்றி எண்ண வைத்தன. 1962இல் வெள்ளோட்டமாகப் பதிவான மூன்று நிகழ்ச்சிகளில் ஒன்று ஆம்லெட்டைப் பற்றியது. 1963 பிப்ரவரி 11 அன்று தொடங்கிய ‘தி ஃபிரெஞ்ச் செஃப்’ பத்து ஆண்டுகள் ஓடியது. நிலையத்தின் கூடம் 1961இல் தீக்கிரையாகிவிட்டதால், தொடக்ககால நிகழ்ச்சிகள் கேம்பிரிட்ஜ் மின்சார நிறுவனத்தின் காட்சிச் சமையலறையில் படமாக்கப்பட்டன.

அந்தப் பழைய பதிவுகளை இன்று பார்ப்பவர் முதலில் உணர்வது அவற்றின் இடையறாத ஓட்டத்தை. பணமும் நேரமும் குறைவு என்பதால், ஒரு நிகழ்ச்சி ஏறத்தாழ நேரலைபோலவே நிறுத்தாமல் பதிவாயிற்று. ஆகவே வாணலி சூடேறப் பிடிக்கும் நேரம், கை தடுமாறும் கணம், மூச்சு வாங்கும் இடைவெளி எல்லாமே படத்தில் நின்றுவிட்டன. 1970 வரை படம் கறுப்பு வெள்ளையாகவே இருந்ததால் வெண்ணெயின் நிறமாற்றத்தைப் பார்வையாளர் கண்டிருக்க முடியாது. நுரை அடங்குவதையும் அதன் ஓசையையும் சைல்ட் வாயால் சொல்லியே கவனிக்க வைத்தது அதனால்தான் இத்தனை பொருத்தமாக அமைந்தது. உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் புரட்டும்போது அதில் ஒரு பகுதி அடுப்பின்மேல் விழ, அதை அள்ளி மீண்டும் வாணலியில் சேர்த்துவிட்டு, அடுக்களையில் தனியாக இருக்கும்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பொருள்படப் பேசிச் சிரித்த காட்சி பெரும்புகழ் பெற்றது. அதைக் கேலிக்குரிய சறுக்கலாகக் காண்பது பிழை. சிதைந்த பண்டத்தைச் சேர்த்தெடுப்பதும் சமையலறிவின் ஒரு பகுதி என்பதை அதற்கு முன் எந்த நூலும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பிரிட்டனில் டெலியா ஸ்மித் சென்ற வழி வேறு. 1998இல் பிபிசியில் வந்த ‘ஹவ் டு குக்’ தொடரை அவர் முட்டையிலிருந்தே தொடங்கினார்: மெல்லக் கொதிக்கும் நீரில் முட்டையை இட்டு, ஒரு நிமிடம் கழித்து அடுப்பிலிருந்து இறக்கி மூடிவைத்தால், ஆறு நிமிடத்தில் வெண்கரு இறுகி மஞ்சள்கரு இளகிய பதத்தில் நிற்கும் என்ற அளவுக்கு எளிமையான பாடம். இதையும் கற்றுத்தர வேண்டுமா என்று சக சமையற்கலைஞர்களே இகழ்ந்தனர்; ஆனால் கடைகளில் முட்டை விற்பனை உயர்ந்தது. இகழ்ந்தவர்கள் காணத் தவறியது ஒன்று: வெந்நீரில் முட்டை வேகும் நேரத்தைச் சொல்வது எவருக்கும் எளிது, வெந்த முட்டையை உடைத்து அதன் பதத்தைக் காட்டுவதே கற்பவரின் நாவுக்கும் கண்ணுக்கும் ஓர் அளவுகோலைத் தருகிறது.

எனினும், இக்கலையின் உச்சியில் வைத்துப் போற்றத்தக்கவர் ஜாக் பெப்பான். 1935இல் பிரான்சின் பூர்க்-ஆன்-பிரெஸ் நகரில் பிறந்து, பதின்மூன்று வயதில் ஓட்டல் அடுக்களையில் தொழில் பழகத் தொடங்கி, அதிபர் தெ கோலுக்கும் சமைத்து, 1959இல் நியூயார்க் சென்றவர் அவர். 1974இல் நேர்ந்த கார் விபத்துக்குப் பின் ஓட்டல் அடுக்களையின் கடும் உழைப்பு இயலாமற்போகவே, கற்பித்தலையே வாழ்வாக்கிக்கொண்டார். 1976இல் வெளியான ‘லா தெக்னிக்’ என்ற நூலில் அவர் கையசைவுகளைப் புகைப்படம் புகைப்படமாக விளக்கியிருக்கிறார். அந்தப் படங்கள் விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன, விரலின் வேகத்தைக் காட்டுவது அவற்றால் ஆகவில்லை. அந்தக் குறை சான் பிரான்சிஸ்கோவின் கேக்யூஇடி பொதுத் தொலைக்காட்சிக்காக 1990களில் அவர் செய்த நிகழ்ச்சிகளில் தீர்ந்தது.

அவற்றில் அவர் இரண்டு ஆம்லெட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும் பகுதி பலமுறை பார்க்கத் தகுந்தது. கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் ஓட்டுத் துணுக்கு உள்ளே போய்விடும் என்பதால் முட்டையைச் சமதளப் பலகையில் தட்டி உடைக்கிறார். வெண்கரு கயிறுபோல் இழையாத அளவுக்கு முட்கரண்டியால் நன்றாக அடிக்கிறார். முதலாவது கிராமத்து வகை: நன்கு சூடான வெண்ணெயில் முட்டையை ஊற்றி, ஓரங்களை நடுவுக்கு இழுத்துப் பெரிய திரள்களாக்கி, அடிப்பாகம் பொன்னிறமானதும் பாதியாக மடித்துத் தட்டில் சாய்க்கிறார். இரண்டாவது செவ்வியல் வகை: ஒட்டாத பூச்சுள்ள வாணலியைக் குலுக்கிக்கொண்டே விரைந்து கலக்கி, மேற்பரப்பு ஈரமாக இருக்கும்போதே கலக்குவதை நிறுத்தி, வாணலியைச் சாய்த்து, அருகிலுள்ள ஓரத்தை உள்ளே மடித்து, கைப்பிடியைத் தட்டி எதிர் ஓரத்தை மேலெழச் செய்து, அதையும் மடக்கி, தட்டைப் பிடித்துக் கவிழ்க்கிறார். தட்டில் விழுவது இருமுனையும் கூர்ந்த, சுருக்கமோ நிறமாற்றமோ இல்லாத வெளிர்மஞ்சள் சுருள். வெட்டினால் உட்புறம் குழைவாக நிற்கும். இந்த இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று அவர் கூறுவதில்லை. இரண்டும் வெவ்வேறு பக்குவங்கள் என்பதே அவர் நிலை. உயர்தர ஓட்டல்களில் பயின்ற ஒருவர் கிராமத்து ஆம்லெட்டை அதே மரியாதையோடு நடத்துவது, அந்தச் சில நிமிடப் படத்தின் நுண்ணிய அழகுகளில் தலையாயது.

தொலைக்காட்சியைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்க விழைபவர்க்கு இங்கே ஒரு வரிசை பொருத்தமாக அமையும். கிராமத்து வகையில் நிறம், மணம், ஓரம் சுருளும் விதம் ஆகிய மூன்றும் பக்குவத்தைத் தாமே அறிவிப்பதால், அது தொடங்குபவருக்கு இணக்கமானது; செவ்வியல் வகையில் நிறம் மாறினால் ஆம்லெட் கெட்டுவிட்டதென்று பொருள், ஆகவே அங்கே கைக்கு வழிகாட்டுவது திரளின் தடிப்பு ஒன்றுமட்டுமே. மூன்று முட்டைக்கு இருபது சென்டிமீட்டர் அளவுள்ள வாணலி போதும். அகலம் கூடினால் முட்டை மெல்லியதாகப் பரவி, மடிக்கும் முன்பே இறுகிவிடும். வாணலியின் சூட்டில் முட்டை மேலும் வெந்துகொண்டிருக்கும் என்பதால், போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே தட்டுக்கு மாற்றி, பொடியாக நறுக்கிய பார்ஸ்லியோ வெங்காயத்தாளோ தூவி, ஒரு துண்டு ரொட்டியும் பச்சை இலைகளும் உடன் வைத்து, ஆறவிடாமல் உண்ண வேண்டும். நால்வர் உண்ணும் வீட்டில் பன்னிரண்டு முட்டையை ஒரே வாணலியில் ஊற்றுவதைவிட, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போட்டுப் பரிமாறுவதே சரியான முறை; ஓர் ஆம்லெட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, நான்காவதைப் போடும்போது கையும் முதலாவதற்கு இருந்ததைவிடப் பழகியிருக்கும்.