இன்விடியஸ்: யூடியூபுக்கு ஒரு மாற்று வாசல்

யூடியூப் தளத்துக்குள் போகாமலே அதன் காணொளிகளைப் பார்க்க உதவும் மாற்று முகப்பு இன்விடியஸ். 2018-இல் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருள் கிரிஸ்டல் நிரல்மொழியில் எழுதப்பட்டது. தன்னார்வலர்கள் இதைத் தங்கள் சர்வர்களில் நிறுவி, எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள்.

அதன் அழகே அடக்கம்தான். விளம்பரம் கிடையாது. ஒரு காணொளி முடிந்தால், கேட்டாலொழிய அடுத்தது ஓடாது. ஒலியை மட்டும் கேட்கலாம். கூகுள் கணக்கு இல்லாமலே சேனல்களைப் பின்தொடரலாம். ஜாவாஸ்கிரிப்டை அணைத்தாலும் பக்கம் திறக்கும். யூடியூப் இணைப்பில் தளப்பெயரை மட்டும் இன்விடியஸ் சர்வரின் பெயராக மாற்றினால் போதும். காணொளியின் 11 எழுத்துக் குறியீடு அப்படியே செல்லும். பயனரின் சிரமத்தை உணர்ந்தவர்கள் செய்த வேலை இது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தைச் சர்வர் தந்தாலும், காணொளியை உலாவி நேரே கூகுளிடமிருந்து பெறக்கூடும். அப்போது பார்ப்பவரின் ஐபி முகவரி கூகுளுக்குத் தெரிந்துவிடும். அமைப்புகளில் ப்ராக்ஸியைத் தேர்ந்தெடுத்தால் காணொளியும் சர்வர் வழியாகவே வரும். ஆனால் அப்போது அந்தச் சர்வரை நடத்துபவர் நம்பகமானவராக இருப்பது அவசியம்.

2023 ஜூனில் இன்விடியஸை நிறுத்தச் சொல்லி யூடியூப் கடிதம் அனுப்பியது. யூடியூபின் ஏபிஐயை (நிரல்களுக்கான இடைமுகத்தை) தாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று உருவாக்குநர்கள் பதிலளித்து, பணியைத் தொடர்ந்தார்கள். பொதுச் சர்வர்களை யூடியூப் அவ்வப்போது தடுப்பதால், சொந்தமாக நிறுவிக்கொள்வது ஒப்பீட்டளவில் நிலையான வழி.