ஏழு பேர் களத்தில், ராணி கோட்டுக்கு வெளியே

ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் கபடியைப் பற்றிப் பேச்செடுத்தால் மணத்தி கணேசன் பெயர் வராமல் இருக்காது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025 தீபாவளிக்கு வந்தது. மேலுக்குக் கபடிப் படம். உள்ளே ஓடுவது 1990களின் தென்மாவட்டச் சாதிப் பகையை வைத்துப் பின்னிய அரசியல் த்ரில்லர். அதனால் யாரை எந்தப் பக்கம் நிறுத்தினார்கள், யாருக்கு ஆட இடம் கொடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் இதை அலச வேண்டும்.

முதல் பாயிண்ட் லாலுக்கு. ‘கர்ணன்’ படத்தில் ஒடுக்கப்பட்ட ஊரின் பெரியவராக நின்றவர், இங்கே எதிர்ச்சாதித் தலைவர் கந்தசாமியாக வருகிறார். வில்லனுக்குரிய உறுமல் எதுவும் இல்லை. நல்ல ஆட்டக்காரனைக் கண்டதும் அவர் கண் மலர்கிறது. சாதி பார்க்காமல் நாயகன் கிட்டானைத் (துருவ் விக்ரம்) தன் அணியில் சேர்க்கிறார். எதிர்த்தரப்பை இப்படி முழு மனிதனாகக் காட்டியதால்தான் பகையின் கொடுமை நமக்கு உறைக்கிறது. கிட்டான் தரப்புத் தலைவராக வரும் அமீரின் பாண்டியராஜாவும் அப்படியே. தன் சனத்துக்காக அரிவாள் எடுத்தவர் என்றாலும் படம் அவரைச் சாமியாக்கிக் கும்பிடவில்லை.

துருவ் விக்ரமுக்கு வசனம் குறைவு. வட்டார வழக்கு அவர் நாக்கில் முழுதாகப் படியவில்லை. ஆனால் ரைடுக்குப் போகும்போது அந்தக் குறை காணாமல் போகிறது. நடுக்கோட்டைத் தாண்டியதும் முதுகு வளைகிறது, எடை முன்பாதத்துக்கு இறங்குகிறது, கண் மட்டும் கடைசி கேட்சர் மேலேயே இருக்கிறது. தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவனின் பதற்றம் தோளில் தெரிகிறது. நடிப்புக்காகக் கற்றுக்கொண்ட கபடி மாதிரி அது இல்லை.

படத்தைத் தூக்கிப் பிடிப்பவர் பசுபதி. மகன் ஆடக் கூடாது என்று தடுக்கும் அப்பா வேலுசாமிக்கு விளையாட்டின் மேல் வெறுப்பில்லை. களத்தில் ஆரம்பிக்கும் சண்டை வீட்டு வாசல் வரை வந்துவிடும் என்ற பயம். பேருந்தில் ஓர் ஆட்டினால் கிளம்பும் தகராறு கொலைவெறி வரை போகிறதே, அந்த ஒரு காட்சி போதும், அவர் பயம் நியாயம் என்று நமக்குப் புரிய. ஒடுக்கப்பட்ட வீட்டுத் தகப்பனின் அச்சத்தை இவ்வளவு மரியாதையோடு தமிழ் சினிமா அதிகம் காட்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில்தான் படம் புள்ளிகளைக் கோட்டை விடுகிறது. அனுபமாவின் ராணி காதலிக்கிறாள், காத்திருக்கிறாள். ரஜிஷாவின் அக்கா ராஜி தம்பிக்குத் தோள் கொடுக்கிறாள். இருவரும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். ஆனால் கதையின் எந்தத் திருப்பமும் அவர்கள் கையில் இல்லை. இரண்டு சாதித் தலைவர்களுக்கும் நியாயம் பேச நேரம் ஒதுக்கிய திரைக்கதை, அந்தப் பகையில் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1990களின் ஆண்கள் கபடி என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

படம் வெளியான அதே அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அந்த அணியின் துணைத் தலைவி. அடுத்த கபடிப் படத்தில் ரைடுக்குப் போக ஆள் தயாராகத்தான் இருக்கிறது.