கண்ணாடியில் தெரியாத முகம்

தில்லி காஷ்மீரி கேட்டில் நாற்பது வருஷமாக மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்கிறவன் நான். சினிமா விமர்சனம் எழுத இவருக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் நினைக்கலாம். வண்டியைப் பற்றிய சினிமா என்பதால் துணிந்தேன்.

1968-இல் வந்த ‘புல்லிட்’ என்ற அமெரிக்கப் படத்தைச் சொல்கிறேன். இயக்கியவர் பீட்டர் யேட்ஸ். நாயகன் ஸ்டீவ் மெக்வீன். சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பச்சை ஃபோர்டு மஸ்டாங்கும் கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் ஒன்றையொன்று துரத்துகிற காட்சி கிட்டத்தட்ட 11 நிமிஷம். பழைய அமெரிக்க ‘மசில் கார்’களை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு இதுதான் வேதம். நடுத்தர உடம்பில் பெரிய வண்டியின் வி-8 எஞ்சினை வைத்தால் அது மசில் கார். 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓவை முதலாவதாகச் சொல்வார்கள். பத்தே வருஷத்தில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏறிய இன்ஷூரன்ஸ், 1973-இன் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவிட்டன. சீக்கிரம் போனதற்குத்தானே ஏக்கம் அதிகம்!

இந்தக் காட்சியில் குறை சொல்வது சுலபம். சார்ஜரிலிருந்து கழன்று உருளும் வீல் கேப்களை வியாபாரக் கண்ணோடு எண்ணிப் பார்த்தேன். நாலு சக்கர வண்டிக்கு நாலுக்கு மேலேயே விழுகிறது. ஒரே பச்சை ஃபோக்ஸ்வேகன் திரும்பத் திரும்ப முந்தப்படுகிறது. இருந்தாலும் காட்சி நம்மைக் கட்டிப் போடுகிறது. காரணம், அதில் கனம் உண்மை. மேட்டிலிருந்து பறந்து இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. சார்ஜரில் இருப்பவர் சீட் பெல்ட்டை மாட்டுகிறார். வண்டி சீறிக் கிளம்புகிறது. லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் எஞ்சினும் டயரும் மட்டும்தான் பேசுகின்றன. படத்தொகுப்புக்காக ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பில்லை.

என் வாதம் இனிமேல்தான். என் பேரன் அறையில் அந்த மஸ்டாங்கின் படம் ஒட்டியிருக்கிறான். “தாத்தா, இது மெக்வீன் ஓட்டின கார்” என்பான். பாதி உண்மை. ஒரு திருப்பத்தில் மெக்வீன் வண்டியை அளவு மீறி விட்டுவிட்டார்; டயர் புகைய பின்னால் எடுக்கிற அந்தத் தவறு படத்திலேயே இருக்கிறது. ஆபத்தான இடங்கள் பலவற்றை ஓட்டியவர் பட் எகின்ஸ். 1963-இல் ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில் வேலியைத் தாண்டிய மோட்டார் சைக்கிளும் அவர் ஓட்டியதுதான். புகழ் மெக்வீனுக்குப் போனது. சார்ஜரை ஓட்டிய பில் ஹிக்மேன் திரையிலும் அவராகவே உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பேரனுக்கு ஒரு அடையாளம் காட்டிக் கொடுத்தேன். மஸ்டாங்கின் பின்பார்வைக் கண்ணாடியில் முகம் தெரிந்தால் ஓட்டுவது மெக்வீன். கண்ணாடியை மேலே தூக்கி முகத்தை மறைத்திருந்தால் எகின்ஸ். மறைப்பது சினிமாவின் தேவை, அதில் தப்பில்லை. ஆனால் படம் முடிந்த பிறகும் நாம் அந்தக் கண்ணாடியைத் திருப்பாமலே வைத்திருக்கிறோமே, அதுதான் தப்பு. 2020 ஜனவரியில் அந்த மஸ்டாங் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கமிஷன் சேர்த்தால் 37 லட்சத்துக்கு மேல். இரும்புக்கும் நட்சத்திரத்துக்கும் விலை கிடைத்தது. ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஆஸ்கர் உண்டு என்று அகாதெமி அறிவித்ததே 2025-இல்தான். அதுவும் 2027 முதல் வெளியாகும் படங்களுக்கு. ஹிக்மேன் 1986-இலும் எகின்ஸ் 2007-இலும் மறைந்துவிட்டார்கள்.

செய்தவனையே வினை சேரும் என்பது எங்கள் சமண சமயத்தின் அடிப்படை. வினைக்கு அந்தக் கணக்கு என்றால் புகழுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

இதை எழுதும்போது என் மனசும் உறுத்துகிறது. என் கடைப் பலகையில் என் பெயர்தான் இருக்கிறது. முப்பது வருஷம் கியர் பெட்டிகளைத் தோளில் சுமந்து மாடியேற்றியவர் போன வருஷம் பீகாரில் தன் ஊருக்கே போய்விட்டார். வழியனுப்பும்போது சால்வை போர்த்தினேன், பணமும் கொடுத்தேன். ஆனால் வாடிக்கையாளர் யாரிடமாவது அவரைப் பேர் சொல்லி அறிமுகப்படுத்தியிருக்கிறேனா என்று யோசித்தால், ஞாபகம் வரவில்லை.

பழசை விரும்புவது குற்றமல்ல. படத்தை இன்னொரு தடவை பாருங்கள். அந்தக் கண்ணாடியைக் கவனியுங்கள். முகம் தெரியாத இடம் வரும்போது எகின்ஸின் பெயரைச் சொல்லுங்கள். என் பேரன் இப்போது சொல்கிறான்.