உறுமிக்கு இரண்டு மைக்

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை ஆலயத்தில் உறுமி கேட்டவர்களுக்கு அந்த முனகல் எளிதில் மறக்காது. தோட்டத்துக் கோயில்களில் வளர்ந்த அந்த மேளத்தை ஒலிப்பதிவில் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஒரு முகத்தில் வளைந்த குச்சியின் தேய்ப்பு, மறுமுகத்தில் அடி. முன்னால் ஒரே மைக் வைத்தால் அடி முந்திக்கொள்ளும், முனகல் கரைந்துபோகும். முகத்துக்கு ஒன்று வேண்டும். 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57 தாராளம். கிடார் ஆம்ப்புக்கும் அதுதானே!

தேய்க்கும் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, குச்சி இடிக்காதபடி சாய்த்து வையுங்கள். ஒட்டி வைத்தால் கீழ்நாதம் வீங்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்கையில் ஒலி மெலிந்தால், ஒன்றின் ஃபேஸைத் திருப்புங்கள். கிடார் ஸ்பீக்கரிலோ கூம்பின் நடுவில் கூர்மை, ஓரத்தில் மென்மை. விரலளவு நகர்த்தினாலே குரல் மாறும். ஈக்வலைசரைத் தொடுமுன் மைக்கை நகர்த்திப் பாருங்கள்.