இரண்டாம் சர்வில் கைவிடப்படும் புள்ளிகள்

டென்னிஸில் சர்வுக்கு அடுத்தபடியாக மிகுதியாக ஆடப்படும் அடி ரிட்டர்ன், அதாவது எதிராளி போடும் சர்வைத் திருப்பி அனுப்பும் அடி. சர்வ் கட்டத்துக்குள் விழுந்துவிட்டால் அடுத்து ஆடப்பட வேண்டியது அதுவே. அப்படியிருந்தும், வார இறுதிகளிலும் அலுவலகம் முடிந்த மாலைகளிலும் ஆடும் கிளப் ஆட்டக்காரர்களின் பயிற்சியில் மிகக் குறைந்த நேரத்தைப் பெறுவது அந்த அடிதான். ஆட்டத்துக்கு முன் இருவரும் பேஸ்லைனில் நின்று நீள அடிகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். வலையருகே வந்து சில வாலிகளை, அதாவது தரையில் படுமுன் அடிக்கும் அடிகளை, ஆடிப் பார்க்கிறார்கள். கடைசியில் ஆளுக்கு நாலைந்து சர்வ் போடுகிறார்கள். அந்தச் சர்வ்களை மறுமுனையில் நிற்பவர் திருப்பி அடிப்பதில்லை. தம் முறைக்கு வேண்டுமென்று பந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். இதனால் அன்றைய முதல் ரிட்டர்ன், புள்ளிக்கணக்கு தொடங்கிய பிறகே ஆடப்படுகிறது.

ரிட்டர்ன் சரியாக அமையாததற்கு எதிராளியின் சர்வ் வேகமே காரணம் என்று கிளப்களில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை மட்டுமே. வேகமான முதல் சர்வில் சில புள்ளிகள் போவது எந்த மட்டத்திலும் இயல்பு. வரலாற்றின் தலைசிறந்த ரிட்டர்ன் ஆட்டக்காரர்களில் ஒருவரான நோவக் ஜோகோவிச்சே, எதிராளி சர்வ் செய்த கேம்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத்தான் தம் ஆட்ட வாழ்வில் வென்றிருக்கிறார். 1992 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் கோரன் இவானிசெவிச் 37 ஏஸ்களை, அதாவது எதிராளியின் மட்டை தொடாமலேயே புள்ளியாகும் சர்வ்களை, அடித்தார். ஒன்பது கேம்களை ஒரு புள்ளிகூட விடாமல் வெல்லப் போதுமான எண்ணிக்கை அது. ஆனாலும் ஆந்த்ரே அகாஸி 6-7, 6-4, 6-4, 1-6, 6-4 என்ற கணக்கில் பட்டம் வென்றார். கடைசி கேமில் சர்வ் செய்த இவானிசெவிச், இரண்டு சர்வ்களும் கட்டத்துக்கு வெளியே போய்ப் புள்ளியை இழக்கும் இரட்டைத் தவறை அடுத்தடுத்து இருமுறை செய்தே அதைத் தொடங்கினார். கைக்கு எட்டிய பந்தையெல்லாம் திருப்பி அனுப்பும் ஒருவர் எதிரே நிற்கும்போது, சர்வ் செய்பவர் இன்னும் சற்று வேகமாக, இன்னும் சற்றுக் கோட்டோரமாகப் போட வேண்டும் என்ற நெருக்கடிக்கு உள்ளாகிறார். அந்தத் தவறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஏஸாகப் போன பந்தை நினைத்துக் கிளப் ஆட்டக்காரர் வருந்த வேண்டியதில்லை. அவர் கணக்கில் வைக்க வேண்டியவை, மட்டையில் பட்டும் வலையிலோ வெளியிலோ போன பந்துகள். அவற்றிலும் பெரும்பங்கு, மெதுவாக வந்து இடுப்புயரத்தில் எழும் இரண்டாம் சர்வ்களாகவே இருக்கும்.

முதல் சர்வின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பேஸ்லைனிலிருந்து மறு பேஸ்லைன்வரை ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். நல்ல கிளப் ஆட்டக்காரர் ஒருவரின் முதல் சர்வ் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் புறப்படுவதாகக் கொண்டால், காற்றின் தடையும் தரையில் படும்போது ஏற்படும் உராய்வும் சேர்ந்து அந்த வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடுவதால், பந்து எதிர்கொள்பவரை வந்தடைய ஒரு விநாடியை ஒட்டிய நேரம் ஆகிறது. கண் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 விநாடி செலவாகிறது. எஞ்சிய நேரத்துக்குள் பந்து வரும் பக்கத்தைத் தெரிந்து, தோளைத் திருப்பி, காலை எடுத்துவைத்து, மட்டையைப் பந்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். பேஸ்லைன் பரிமாற்றத்தில் பழகிய நீண்ட பின்வீச்சை, அதாவது அடிப்பதற்குமுன் மட்டையை முதுகுப்புறம்வரை இழுக்கும் அசைவை, இந்த நேரத்துக்குள் அடக்க முடியாது. அடக்க முயல்பவரின் மட்டை எப்போதும் பந்துக்குப் பிந்தியே வந்து சேர்கிறது. தோள் திரும்பும் அளவுக்கு மட்டை திரும்பினால் போதும். அதற்கு மேல் கை தனியாகப் பின்னே போகத் தேவையில்லை. பந்தில் ஏற்கெனவே இருக்கும் வேகமே அதை மறுபக்கம் கொண்டுசேர்க்கும் என்பதால், மணிக்கட்டை உறுதியாக வைத்து, உடலுக்கு முன்னால் பந்தைச் சந்தித்து, அது போக வேண்டிய திசையில் மட்டையைச் சற்றே நீட்டும் பிளாக் என்ற தடுப்படியே முதல் சர்வுக்குரிய அடிப்படை அடி.

2016 விம்பிள்டன் இறுதியில் மிலோஸ் ராவ்னிச் மணிக்கு 147 மைல் வேகத்தில் போட்ட ஒரு சர்வை ஆண்டி மர்ரே திருப்பி அனுப்பி, அந்தப் புள்ளியையும் வென்றார். அத்தகைய பந்துக்கு மேலும் வேகம் சேர்க்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். வலிமையான சர்வ் இல்லாமலேயே 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த மாட்ஸ் விலாண்டரை அவர் வீழ்த்தினார். பந்து எழும்போதே சிறு வீச்சில் சந்தித்து, எதிராளியின் வேகத்தை எதிராளிக்கே திருப்பும் நயம் அவருடைய ஆட்டத்தின் அடையாளம். உடல் வலிமையைக் கொண்டு ஆட முடியாத கிளப் ஆட்டக்காரர், மின்னல் வேக ஃபோர்ஹேண்ட் அடிகளின் காணொளிகளைவிட இத்தகைய ஆட்டத்திலிருந்தே மிகுதியாகக் கற்க முடியும்.

சிறு வீச்சு பலிக்க வேண்டுமானால், பந்து புறப்படும்போதே உடல் விழித்திருக்க வேண்டும். இதற்கான அசைவை ஸ்பிளிட் ஸ்டெப் என்கிறார்கள்: சர்வ் செய்பவர் பந்தை அடிக்கப்போகும் கணத்தில், எதிர்கொள்பவர் இரு பாதங்களையும் சற்று அகட்டி, தரையிலிருந்து விரலளவு எழும்பி இறங்குவது. எழும்பும் உயரத்துக்கு இதில் மதிப்பில்லை, இறங்கும் நேரமே முக்கியம். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும்போது பாதங்கள் காற்றிலும், பந்து வரும் பக்கம் தெரியும்போது அவை தரையிலும் இருந்தால், அந்த இறக்கத்தின் எதிர்விசையே உடலை வேண்டிய பக்கம் தள்ளிவிடும். எந்தக் கிளப்பிலும் ரிட்டர்னுக்கு நிற்பவரின் குதிகால்களை மட்டும் சிறிது நேரம் கவனித்தால் குறை புலப்படும். எதிராளி பந்தை மேலே எறியும்போதும் அவை தரையில் ஒட்டியிருக்கின்றன, அடிக்கும்போதும் ஒட்டியிருக்கின்றன, பந்து வலையைக் கடந்த பிறகே எழுகின்றன. தாமதம் என்று பின்னர் கையில் தென்படுவது அங்கேயே தொடங்கிவிடுகிறது. கைப்பிடியைப் பொறுத்தவரை, ஃபோர்ஹேண்டுக்குரிய பிடியில் காத்திருந்து, மற்றொரு கையால் மட்டையின் கழுத்தைத் தாங்கிக்கொள்வது பெரும்பாலானோருக்குப் பொருந்தும். பேக்ஹேண்ட் பக்கம் பந்து வந்தால், தோள் திரும்பும்போதே அந்தக் கை மட்டையைச் சுழற்றிப் பிடியை மாற்றிக் கொடுத்துவிடும்.

இனி, மிகுதியான புள்ளிகள் வீணாகும் இரண்டாம் சர்வுக்கு வரலாம். இரட்டையர் ஆட்டம் ஒன்றில் சர்வ் செய்யும் அணி 30-40 என்று பின்தங்கியிருக்கிறது என்றும், முதல் சர்வ் வலையில் விழுந்துவிட்டது என்றும் கொள்வோம். அடுத்து வரும் சர்வ் மணிக்கு 80 கி.மீ. வேகத்தை எட்டினாலே அதிகம். கட்டத்தின் நடுவில் விழுந்து, அது இடுப்புயரத்துக்கு நிதானமாக எழுகிறது. எதிர்கொள்பவர் அதை அரிய வாய்ப்பாகக் காண்கிறார். முழு வீச்சில், பக்கக்கோட்டை ஒட்டி, வலையருகே நிற்பவரைத் தாண்டி அடித்து அப்போதே கேமை முடித்துவிட எண்ணுகிறார். ஆனால் அவர் கால்கள் முதல் சர்வுக்கு நின்ற இடத்திலேயே, பேஸ்லைனுக்குப் பின்னால், இருக்கின்றன. மெதுவான பந்து அவரிடம் வருவதற்குள் தாழ்ந்துவிடுகிறது. அவர் குனிந்து எட்டி அடிக்கிறார். வலையின் உயரம் நடுவில் 0.914 மீட்டர், கம்பத்தருகே 1.07 மீட்டர், அதாவது அவர் தேர்ந்த பக்கக்கோட்டுப் பாதையில் வலை ஏறத்தாழ 15 செ.மீ. உயரமானது, பந்து பயணம் செய்யக் கிடைக்கும் நீளமும் குறுக்குப் பாதையைவிடக் குறைவு. பந்து வலையின் மேல்நாடாவில் மோதி விழுகிறது. எதிரணி தன் திறமையால் பெறாத ஒரு புள்ளி இப்படி அதற்குப் போய்ச்சேர்கிறது.

இந்த இழப்புக்கு அவசரம் மட்டும் காரணமன்று. மெதுவான பந்தை அடிப்பது உண்மையிலேயே எளிதல்ல என்பதைக் கிளப் ஆட்டக்காரர்கள் போதிய அளவு உணர்வதில்லை. வேகமான சர்வில் கடனாகக் கிடைக்கும் வேகம் இதில் இல்லை. அதை ஆடுபவரே தர வேண்டும், தருவதற்குக் கால்கள் பந்தை நோக்கிப் போயிருக்க வேண்டும். முதல் சர்வுக்குப் போதுமான தடுப்படி, இரண்டாம் சர்வுக்கு ஆடப்பட்டால் பந்து வலையைத் தாண்டிப் பாதிக் களத்திலேயே மிதந்து, எதிராளிக்கு விருந்தாகிவிடும். ஆகவே ரிட்டர்ன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனி அடிகள் இருப்பதாகக் கொள்வதே சரி: நிற்கும் இடம், வீச்சின் நீளம், குறி ஆகிய மூன்றும் இரண்டுக்கும் வேறு. முதல் சர்வ் தவறிய உடனேயே, எதிராளி அடுத்த பந்தை எடுப்பதற்குள், ஓரிரண்டு அடி முன்னேறிப் பேஸ்லைனுக்கு உள்ளே நின்றுவிட வேண்டும்; பந்து எழும் உச்சத்தில் சந்திக்குமாறு சிறு சிறு அடிகளாக வைத்துப் போக வேண்டும்; வலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில், ஒற்றையர் ஆட்டமானால் களத்தின் நடுப்பகுதியில், பேஸ்லைனுக்கு ஓரிரு மீட்டர் உள்ளே விழுமாறு முக்கால் வேகத்தில் அடிக்க வேண்டும். நடுவில் ஆழமாக விழும் பந்து, எதிராளி கோணம் பிரித்து அடிக்கும் வழியை அடைத்துவிடுகிறது. சர்வ் செய்து முடித்த உடல் சமநிலைக்கு வருவதற்குள் அவருடைய காலடியில் வந்து விழுவதால் அவரைப் பின்வாங்கவும் வைக்கிறது. உலகின் முன்னணி ரிட்டர்ன் ஆட்டக்காரர்களே இரண்டாம் சர்வுக்கு எதிராகப் பாதிக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகளைத்தான் வெல்கிறார்கள் என்பதால், அந்த ஓர் அடியிலேயே புள்ளியை முடிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை.

கிளப்களில் ஒரே கேன் பந்துகளைப் பல நாள் ஆடுவது வழக்கம் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். அழுத்தம் குறைந்த பழைய பந்து தாழ்வாகவே எழும். தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிய களிமண் களத்தில் ஈரம் ஏறிய பந்து கனமாகி இன்னும் மெதுவாகும். அத்தகைய மாலைகளில் இன்னும் ஓர் அடி முன்னே நிற்பதில் தவறில்லை.

பந்தின் சுழற்சியை அது வந்தபிறகு அறிவதைவிட, டாஸிலேயே, அதாவது சர்வுக்காகப் பந்தை மேலே எறியும் இடத்திலேயே, பெருமளவு ஊகித்துவிடலாம். வலக்கை ஆட்டக்காரர் தமக்கு வலப்புறம் விலக்கி எறிந்தால் பெரும்பாலும் ஸ்லைஸ் வரும். பக்கவாட்டுச் சுழற்சி கொண்ட அந்தப் பந்து எதிர்கொள்பவரின் வலப்புறம் விலகித் தாழ்வாகச் சறுக்கும். தலைக்கு நேர்மேலோ சற்று இடமாகவோ எறிந்தால், மேல்நோக்கிச் சீவி அடிக்கும் கிக் சர்வை எதிர்பார்க்கலாம். அது எதிர்கொள்பவரின் இடப்புறம் தோளுயரத்துக்குத் துள்ளும். இடக்கை ஆட்டக்காரரிடம் இவையனைத்தும் பக்கம் மாறுகின்றன. கிளப் மட்டத்தில் டாஸை மறைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால், ஒரே எதிராளியோடு முதல் இரண்டு கேம்களைக் கவனமாக ஆடியவருக்கே இந்தச் செய்தி கிடைத்துவிடும். விலகிச் செல்லும் பந்தை நோக்கிப் பக்கவாட்டில் ஓடாமல், மூலைவாட்டில் முன்னேறிச் சந்தித்தால் அது மேலும் விலகுவதற்குள் எட்டிவிடலாம்.

இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே ஒருவர் காத்திருப்பதால் குறி மாறுகிறது. அவரிடமிருந்து விலக்கி, சர்வ் செய்தவரை நோக்கிக் குறுக்காக அனுப்புவதே அடிப்படை. வலையின் தாழ்ந்த நடுப்பகுதியைக் கடக்கும் அந்தப் பாதை நீளமானதும்கூட. ஒற்றையர் களத்தின் மூலைக்கு மூலை அளவே 25 மீட்டரைத் தாண்டும். சர்வ் செய்தபின் வலையை நோக்கி ஓடிவருபவருக்கு வேகத்தைவிடத் தாழ்வான பந்தே தொல்லை: மட்டையை மேலிருந்து கீழாகச் சற்றே சீவி ஆடும் சிப் என்ற மென்மையான அடி அவர் பாதத்தருகே விழுந்தால், அவர் அதைக் கீழிருந்து மேலே தூக்கித்தான் ஆக வேண்டும், தூக்கிய பந்தை ரிட்டர்ன் அணியின் வலையாள் பார்த்துக்கொள்வார். எதிரணியின் வலையாள் குறுக்கே பாய்ந்து வெட்டத் தொடங்கிவிட்டால், அவர் தலைக்கு மேலாக லாப் என்ற உயரப் பந்தை ஒருமுறை அனுப்பினாலே பிறகு பாயத் தயங்குவார். சொந்த ரிட்டர்ன்கள் தொடர்ந்து தடுமாறும் நாளில், கூட்டாளியையும் பேஸ்லைனுக்கு அழைத்து நிறுத்திக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாது; தொழில்முறை இரட்டையரும் கையாளும் ஏற்பாடுதான் அது.

பயிற்சிக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை, கால்மணி நேரம் போதும். ஒருவர் பேஸ்லைனுக்குப் பதிலாகச் சர்வீஸ் கோட்டில், அதாவது வலையிலிருந்து 6.40 மீட்டர் தொலைவில், நின்று நடுத்தர வேகத்தில் சர்வ் போட்டால், தொலைவு குறைவதால் மற்றவருக்கு மிக வேகமான சர்வை எதிர்கொள்ளும் நேரமே கிடைக்கும். பின்வீச்சு தானாகவே சுருங்கும். அதே கால்மணி நேரத்தின் பிற்பாதியில் அவர் பேஸ்லைனுக்குத் திரும்பி இரண்டாம் சர்வ்களை மட்டும் போட வேண்டும். மறுமுனையில் சர்வீஸ் கோட்டுக்கு அப்பால் விழும் ரிட்டர்னை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். கோட்டுக்கு முன்னால் விழுந்த பந்து எவ்வளவு அழகாக அடிக்கப்பட்டிருந்தாலும் பூச்சியம்தான். பத்துக்கு ஏழு தேறும்வரை பக்கக்கோடுகளைக் குறிவைப்பதைத் தள்ளிப்போடலாம்.