ஜன்னலோரக் காட்டு மிளகாய்

கலபாகோஸ் மிளகாயின் இலையை முதலில் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இலையிலும் தண்டிலும் அடர்த்தியான பூனைமயிர். நம் தோட்டத்து மிளகாயிலையின் வழவழப்பு இதில் மருந்துக்கும் கிடையாது. விளக்கொளி பக்கவாட்டில் விழுந்தால் மயிர்கள் தனித்தனியே மின்னுவது தெரியும். பூ சின்னஞ்சிறு வெள்ளை. பழுத்த பழம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

இந்தச் செடியை நார்வேயின் ஹம்மர்பெஸ்டில் வளர்ப்பது என்றால் சூரியனோடு ஓர் உடன்படிக்கை வேண்டும். அது பிறந்த கலபாகோஸ் தீவுகள் பூமத்திய ரேகையின் மேல். அங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். இங்கோ, 70 பாகை வடக்கில், நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் எழுவதே இல்லை. மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை மறைவதும் இல்லை. குளிர்காலத்தில் விளக்கு போட்டுப் பகல் செய்துகொடுக்க வேண்டும். கோடையில் தடித்த திரையிட்டு இரவு செய்துகொடுக்க வேண்டும். 1891-லேயே மின்சாரத் தெருவிளக்கு ஏற்றிய ஊர் இது. அந்தப் பழக்கம் செடிக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

1980-களில் இந்த ஊர் இருக்கும் பின்மார்க் கரையோர மீன் ஆலைகளுக்கு ஈழத்தமிழர் வேலைக்கு வந்தார்கள். மிளகாய்த்தூள் வாசம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. காட்டு மிளகாய் வேறு சங்கதி. ஒரு செடி முழுக்கப் பறித்தாலும் ஒரு நேரக் குழம்புக்குப் பத்தாது. மிளகாயில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மனிதர் பயிராக்கியவை ஐந்துதான். மற்றவை இன்னும் பறவைகளுக்கே பழுக்கின்றன. எனவேதான் பல இனங்களில் பழம் வானம் பார்த்து நிற்கிறது. பழுத்ததும் தொட்ட மாத்திரத்தில் காம்பை விட்டுக் கழன்றுவிடுகிறது. குமரி மாவட்டத்துக் காந்தாரி மிளகாயைப் பறித்தவர்களுக்கு அந்தக் கழலல் கையில் நினைவிருக்கும். பறவைக்கு உறைப்பு தெரியாது. ஆனால் விதையை அழிக்கும் பூஞ்சையை அந்த உறைப்பு தடுக்கிறது. பொலிவியக் காட்டில் சாக்கோ என்ற காட்டு மிளகாயை ஆராய்ந்து 2008-ல் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்: பழத்தைத் துளைத்துப் பூஞ்சைக்கு வழிவிடும் பூச்சி மிகுந்த இடங்களில் உறைக்கும் செடிகள் அதிகம், குறைந்த இடங்களில் உறைக்காத செடிகளும் கலந்து நிற்கும். உறைப்பு நாக்குக்காக உண்டானதல்ல என்று தெரிந்தபின் அந்தச் சிறு பழத்தின் மேல் மதிப்பு கூடுகிறது.

ரோம்பாய்டியம் என்ற இனத்தில் உறைப்பே இல்லை, பூ மஞ்சள். மிளகாய்ச் செடியில் மஞ்சள் பூவைப் பார்த்தால் கண் ஒரு கணம் நம்ப மறுக்கும்.

ஆனாலும் ஜன்னலோரத்தில் நான் முதலிடம் தருவது பொலிவியாவின் உலுப்பிகாவுக்கே. லா பாஸ் சந்தையில் காட்டுப் பழமாக விற்பது அது. மார்ட்டின் கார்டெனாஸ் என்ற தாவரவியலாளரின் பெயரால் 1958-ல் கார்டெனாசி என்று பெயர் பெற்றது. பெரும்பாலான மிளகாய்ப் பூக்கள் நட்சத்திரமாய் விரியும். இது மணியாய்க் குவிந்து தலைகுனிந்து தொங்கும். விளிம்பில் கத்திரிப்பூ நிறம், உள்ளே போகப் போக வெளிறி, அடியில் பசுமஞ்சள். வெளியே பனிக்காலத்து இருட்டு நிற்கும்போது, விளக்கடியில் அந்த நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நழுவுவதைப் பார்க்கத் தவணை தவணையாக நேரம் ஒதுக்கலாம். உறைப்பும் சாமானியமல்ல.

விதை முளைக்க வாரக்கணக்கில் ஆகும். ஈரத்தையும் இளஞ்சூட்டையும் விடாமல் காத்திருங்கள். ஒரே செடியோடு நிறுத்திவிடாதீர்கள். உலுப்பிகா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வெவ்வேறு விதையில் முளைத்த இரண்டு செடிகளையாவது பக்கத்தில் வைத்து, மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றிவிடுங்கள், அப்போதுதான் காய்க்கும்.