தோலால் செய்த படகு

ஜோனத்தன் ஸ்விஃப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ 1726-இல் வெளிவந்தது. நம் பிள்ளைகள் அறிந்திருப்பது பெரும்பாலும் ஆறங்குல மனிதர் வாழும் லில்லிபுட் தீவை மட்டுமே. நான்காம் பகுதியைக் குழந்தைகளுக்கான சுருக்கங்கள் பல விட்டுவிடுகின்றன; வியப்பில்லை. அந்நாட்டை ஆள்பவை பேசும் குதிரைகள். அவற்றின் சக்கரமில்லா வண்டியை இழுப்பது யாஹூ என்னும் வளர்ப்பு விலங்கு. அடர்ந்த உரோமம், நீண்ட நகங்கள், தாங்கவொண்ணாத நாற்றம். உற்று நோக்கினால் அது மனித உடல்.

ஸ்விஃப்ட், டப்ளின் நகரின் புனித பாத்ரிக் பேராலயத்தில் 1713 முதல் முதன்மைக் குருவாயிருந்த ஆங்கிலிக்கன் சபையினர். ஆதலால் யாஹூவை அருளிழந்த மனிதனாகவும் குதிரையைத் தூய பகுத்தறிவாகவும் கொண்டு பொருள் உரைப்போர் உண்டு. பிறப்புநிலைப் பாவத்தைப் பற்றிப் பயின்ற எவருக்கும் இவ்விளக்கம் எளிதில் பிடித்துப்போகும். ஆயினும் நூலைப் பொறுமையாகப் படித்தால் அது நிலைப்பதில்லை.

யாஹூ பழக்கப்பட்ட வரலாற்றையே பாருங்கள். முன்னொரு நாள் மலைமீது இரண்டு யாஹூக்கள் தோன்றினவாம். அவை பல்கிப் பெருகவே, குதிரைகள் திரண்டு வேட்டையாடி, மூத்தவற்றைக் கொன்று, இளையவற்றை ஆளுக்கு இரண்டாகக் கொட்டிலில் அடைத்துச் சுமையிழுக்கப் பழக்கின. அம்முதலிரண்டும் கடல்வழி வந்து கரையொதுங்கியவையாக இருக்கலாம் என்று கலிவரின் எசமானக் குதிரையே பேரவையில் கூறுகிறது. அப்படியானால், கொட்டிலில் கழுத்துக் கட்டுடன் நிற்பவர்கள் கரையேறிய அகதிகளின் வழித்தோன்றல்கள் அல்லவா? அதே அவை, யாஹூ இனத்தை அடியோடு அழிக்கலாமா என்று ஆராய்கிறது. இங்கிலாந்தில் குதிரைகளுக்குக் காயடிப்பார்கள் என்று கலிவர் சொல்லியிருந்ததை நினைவுகூர்ந்து, இளம் யாஹூக்களுக்கும் அவ்வாறே செய்தால் கொல்லாமலே இனம் ஒழியும் என எசமானர் யோசனை கூறுகிறார். பொய்யைக் குறிக்கச் சொல்லே இல்லாத பண்பட்ட இனம் இதை அமைதியாக விவாதிக்கிறது! அக்குதிரைகளுக்குள்ளும் வெள்ளையும் செம்பழுப்பும் பிறப்பால் ஏவலுக்குரியவை. அவை தம் வகைக்கு வெளியே மணம் நாடுவது இயற்கைக்கு மாறானதாம். இப்பகுதிக்கு நம் வாசகர்களுக்கு உரை எழுத வேண்டியதில்லை.

என்னை மிகவும் உறுத்துவது படகு. யாஹூவான ஒருவனைத் தமக்குச் சமமாக நடத்தலாகாது என அவை முடிவு செய்ய, கலிவர் வெளியேற நேர்கிறது. அவன் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் யாஹூத் தோலைத் தைத்துப் போர்த்துகிறான். முதிர்ந்தவற்றின் தோல் தடிப்பு என்பதால் பாய்க்கு இளையவற்றின் தோல். இடுக்குகளை அடைக்க யாஹூக் கொழுப்பு. தச்சன் கணக்குச் சொல்வதுபோல் இதைச் சொல்லிச் செல்கிறான். குரலில் நடுக்கம் சிறிதுமில்லை. தானும் யாஹூ என்று ஒப்புக்கொண்ட பிறகும் இல்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1729-இல், அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை இறைச்சியாக விற்கலாம் என்று யோசனை கூறும் கொடிய அங்கதக் கட்டுரையை ஸ்விஃப்ட் வெளியிட்டார். அதிலும் தோல் வருகிறது: சீமாட்டிகளுக்குக் கையுறையாக, கனவான்களுக்குக் காலணியாக. நிலம் வாங்கும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த கத்தோலிக்கரே அவ்வேழைகளில் பெரும்பாலோர். ஸ்விஃப்ட் நம் திருச்சபையின் நண்பர் அல்லர். ஆனால் மனிதரைக் கால்நடையாக எண்ணும் கணக்கு எந்தக் குரலில் பேசும் என்பதை அவர் நன்கு கேட்டிருந்தார். அக்குரலைத்தான் குதிரைகளுக்கும், அவற்றை வழிபடும் கலிவருக்கும் கொடுத்தார் என்பது என் கருத்து.

இதற்கு வலுவான சான்று கப்பல் தலைவர் பேத்ரோ த மெந்தெஸ். போர்ச்சுகீசியரான இவர், தம்மை அருவருத்து ஒதுங்கும் கலிவரைக் கடலில் குதிக்கவிடாமல் காத்து, உடை தந்து, லிஸ்பனில் தம் வீட்டிலேயே தங்க வைத்து, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்புகிறார். கலிவரோ அவரைச் சகித்துக்கொள்கிறான், அவ்வளவே. ஊர் திரும்பிய பின் மனைவி மக்களின் வாடை பொறாமல், இரண்டு குதிரைகளை வாங்கி நாள்தோறும் நான்கு மணி நேரம் அவற்றுடன் பேசிக்கொண்டிருக்கிறான். எசமானக் குதிரையைப் பிரிகையில் கண்ணீர் சிந்தியவன் இவன். அக்குதிரைக்கு ஸ்விஃப்ட் பெயர்கூட வைக்கவில்லை, மெந்தெஸுக்கு வைத்திருக்கிறார்.